தப்பாகப் பாட மூன்று வாரம்

பாட்டு சார் அந்தப் பள்ளியில் ஒன்பது வருடமாகத் தற்காலிகமாக இருந்தார்.

மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே சைக்கிள் கொட்டகை, நடுவில் அவருடைய அறை. தொட்டி நிரம்பும்போது சுவர் வழியாக ஒரு முனகல் இறங்கிவரும். அது எந்தச் சுருதி என்று அவருக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். கீபோர்டு படுத்துக்கொண்ட நாட்களில் அந்த முனகலையே ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு இருபத்தெட்டுப் பேரும் பாடியிருக்கிறார்கள். ஒன்பது வருடத்தில் அந்த அறைக்கு மேலதிகாரி என்று யாரும் வந்ததில்லை. ஒரே ஒருமுறை பிளம்பர் வந்தார். பாட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குழாயைப் பார்க்காமலே போய்விட்டார்.

இந்த வருடம் பள்ளியில் வளர்ச்சி வந்தது. அதைக் கொண்டுவந்தவர் வளர்ச்சி அலுவலர். இதற்குமுன் கோழித்தீவனக் கம்பெனியில் இருந்தவர். அங்கேயும் வளர்ச்சியைத்தான் கவனித்துக்கொண்டார் என்று தலைமையாசிரியை மிகுந்த மரியாதையோடு அறிமுகப்படுத்தினார். ஒவ்வொரு குஞ்சையும் வாரம் ஒருமுறை எடை போடுவாராம். கூட்ட அறையில் ஆசிரியர்கள் தங்களை அறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"ஒரு ஆசிரியர் நல்லா இருக்கார்னா அது பிரச்சினையே இல்ல," என்று அலுவலர் ஆரம்பித்தார். "ஆனா அவர் நல்லாவே இருந்துட்டிருந்தார்னா, அதுதான் பிரச்சினை. நல்லா இருக்கறவர் எங்க வளர்வார்? எனக்கு நல்ல ஆசிரியர் வேணாம். வளர்ற ஆசிரியர்தான் வேணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். இருபத்தைந்து வருடமாக நன்றாகவே இருந்துவிட்ட அறிவியல் ஆசிரியை மட்டும் கைதட்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விதி எளிமையானது. ஒவ்வொருவரும் முதல் பருவத்தில் தன் வகுப்பின் நிலையை அளந்து கொடுக்க வேண்டும். மூன்றாம் பருவத்தில் மறுபடி அளக்க வேண்டும். நாற்பது சதவீதம் கூடியிருந்தால் ஆசிரியர் வளர்ந்துவிட்டார் என்று பொருள். வளர்ந்தவர் தற்காலிகமாக இருந்தால் நிரந்தரமாவார். வளராத தற்காலிகத்துக்கு அடுத்த வருடம் நாற்காலி கிடையாது. கடைசி வாக்கியத்தைத் தலைமையாசிரியை படிக்கும்போது பாட்டு சாரைப் பார்த்து ஆறுதலாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகைதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ முறை ஏமாந்தவள். இந்த முறையாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள், கேட்டதைக் கொடுங்கள், என்றாள். சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் அவருக்கு நிறையப் பழக்கம் உண்டு.

ஆனால் முதல் அளவீட்டிலேயே உளறிவிட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மழைப் பாட்டைப் பாடினார்கள். அவரே எழுதி மெட்டமைத்த எட்டு வரிப் பாட்டு. இரண்டு வருடம் அவரிடம் பழகிய பிள்ளைகள். ஆறாவது வரியில் பாட்டு மேலே ஏறித் தனியாக நிற்கும் இடத்தைக் கண்டக்டரம்மாவின் மகள் எடுத்தாள். பஸ் கண்டக்டரின் மகள் என்பதால் பள்ளியில் அவளுக்கு அதுதான் பெயர். அம்மாவுக்கு நாலு தெரு தாண்டிக் கேட்கும் குரல். மகளுடையது மெலிந்த குரல். ஆனால் வைத்த இடத்தில் நிற்கும். முடிந்ததும் சைக்கிள் கொட்டகையில் யாரோ மணி அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

அலுவலர் பேனாவைத் திறந்தார். "எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது சார். நீங்களே சொல்லுங்க. பத்துக்கு எவ்வளவு?"

"ஒன்பது இருக்கும் சார்," என்றார் பாட்டு சார் சந்தோஷமாக.

அலுவலரின் முகம், எக்ஸ்ரேயைப் பார்க்கும் டாக்டரின் முகமாயிற்று. "ஒன்பதா? அதோட நாற்பது சதவீதம் கூட்டினா பன்னிரண்டு புள்ளி ஆறு. பத்துக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு எப்படி சார் போடுவேன்?"

"போட முடியாதுதான் சார்."

"இந்தப் பாட்டுல வளர இடமே இல்லையே. வேற பாட்டு இருக்கா? கொஞ்சம் மோசமா?"

மோசமான பாட்டு இல்லை என்றார் பாட்டு சார். அலுவலர் ஒன்பதைப் பென்சிலால் எழுதினார். பெருந்தன்மைக்கு அடையாளமாகப் பென்சிலைக் காட்டவும் செய்தார். மூன்று வாரம் தருகிறேன், ஆரம்பத்தை மறுபடி யோசித்து ஆரம்பியுங்கள், என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "குழந்தைங்க கெட்டிக்காரங்கன்னு சொல்லி உங்க எதிர்காலத்தை நீங்களே கெடுத்துக்காதீங்க," என்றார். அக்கறையோடுதான் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் முகத்தைத் தொங்கப் போடுகிறீரே என்று கணக்கு டீச்சர் சிரித்தார். நடத்தாத பாடத்திலிருந்து வினாத்தாள் கொடுத்து, வகுப்பு முழுவதையும் பூஜ்யம் வாங்க வைத்து, ஆரம்பத்தை முடித்துவிட்டிருந்தார் அவர். விளையாட்டு வாத்தியார் பிள்ளைகளின் ஷூ லேஸ்களை ஒன்றோடொன்று கட்டிவிட்டு ஓட விட்டாராம். "ஊரோட ஒத்து வாழுங்க சார். உங்களுக்கு மட்டும் என்ன, தப்பா பாடச் சொன்னா வாயா வலிக்கும்?" என்றார் கணக்கு டீச்சர்.

வாய் வலிக்காது என்றுதான் பாட்டு சாரும் நினைத்தார். மறுநாள் பிள்ளைகளிடம் இது ஒரு விளையாட்டு என்றார். எல்லோரும் கொஞ்சம் சுருதி விலகிப் பாடுங்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூச்சை இழுத்து, இருபத்தெட்டுப் பேரும் ஒரே அளவு விலகிப் பாடினார்கள். அது தப்பாக இல்லை. வேறொரு சுருதியில் அதே பாட்டு, அவ்வளவுதான். சேர்ந்து பாடிப் பழகிய பிள்ளைகளால் தப்பையும் சேர்ந்துதான் செய்ய முடிந்தது.

பாதிப் பேரை மேலேயும் பாதிப் பேரைக் கீழேயும் விலகச் சொன்னார். முன்னைவிட அழகாக இருந்தது. கதவைத் தாண்டிப் போன அறிவியல் ஆசிரியை நின்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு சார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தப்பாகப் பாடுவதென்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தப்பு வேண்டும் என்று அவருக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. இருபத்தெட்டுத் தப்புகளையும் ஒரு நோட்டில் எழுதினார். நீ இரண்டாம் வரியில் அவசரப்படு. நீ பக்கத்தில் இருப்பவனைக் கேட்காதே. நீ மூச்சு தீர்ந்த பிறகும் இழு. ஒன்பது வருடத்தில் இவ்வளவு கவனமாக அவர் பாடம் தயாரித்ததில்லை. காலையில் சீக்கிரம் வந்து பயிற்சி கொடுத்தார். யாராவது மறந்துபோய்ச் சரியாகப் பாடிவிட்டால் கையை உயர்த்தி நிறுத்தினார். அந்தப் பிள்ளை "ஸாரி சார்" என்றது.

இரண்டாம் வாரம் கண்டக்டரம்மாவின் மகள் ஆறாவது வரியைத் தப்பாக எடுத்தாள். மற்றப் பிள்ளைகளின் தப்பு குத்துமதிப்பானது. இவளுக்குச் சரியான இடம் துல்லியமாகத் தெரியும். அதனால் அதற்கு ஒரு மயிரிழை பக்கத்தில் போய் நின்றாள். காதுக்குள் மணல் விழுந்தமாதிரி இருந்தது. இரண்டு பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"சபாஷ்," என்றார் பாட்டு சார்.

தன்னை அறியாமல் வந்துவிட்ட சொல். யாரையும் எளிதில் பாராட்டாதவர் அவர். பாராட்டினால் குரல் கெட்டுவிடும் என்ற கொள்கை உள்ளவர். இரண்டு வருடத்தில் அவள் அவரிடம் வாங்கிய முதல் சபாஷ் அது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கீபோர்டில் ஏதோ தூசி இருப்பதுபோலக் குனிந்து துடைத்தார்.

மூன்றாம் வாரம் பதிவு நடந்தது. அலுவலர் கேட்டார், ஆறாவது வரியில் முகம் சுளித்தார், சுளித்த முகத்திலேயே மகிழ்ச்சியும் படர்ந்தது. "பிரமாதம் சார். எவ்வளவு இடம் இருக்கு பாருங்க," என்று பத்துக்கு இரண்டு போட்டார். இந்த முறை பேனாவால்.

வீட்டில் மனைவி கேட்டபோது நடந்ததைச் சொன்னார். கேட்டதைக் கொடுங்கள் என்று சொன்னவள் அவள்தானே. ஆனால், "எங்க லேப்ல முதல் ரிசல்ட்டை இப்படி மாத்தினா போலீஸ் வரும்," என்றாள். "இங்க யாரும் வர மாட்டாங்களா?"

"அலுவலர் வருவார்," என்றார்.

இரண்டாம் பருவத்தில் அலுவலர் வந்தார். அவர் அறையில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு கோடு இருந்தது. பாட்டு சாரின் கோடு இரண்டிலிருந்து ஒன்பதுக்கு நேராக ஏற வேண்டும். திடீரென்று ஏறினால் அது வளர்ச்சியல்ல, வீக்கம் என்றார். ஆகவே நடுப்பருவத்தில் பிள்ளைகள் ஐந்தரைக்குப் பாட வேண்டியிருந்தது. பதினான்கு தப்புகளை நீக்கி, பதினான்கை வைத்துக்கொள்ளும்படி பாட்டு சார் நோட்டைத் திருத்தினார். அந்த நோட்டை இப்போது மேசைக்குள் பூட்டி வைத்தார். கேவலமான புத்தகம் படிப்பவனைப்போல, யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்தார்.

அந்தப் பருவத்தில் ஒருநாள் வகுப்பை அலுவலர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தார். பிள்ளைகள் பாட ஆரம்பித்ததும் கையை உயர்த்தி, "பாட்டை அப்புறம் வச்சுக்கலாம், பாடத்தை ஆரம்பிங்க," என்றார். பிறகு ஒரு பையனிடம், இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். பாடுகிறேன் என்றான். ஏன் பாடுகிறாய் என்றார். பாட்டு கிளாஸ் என்றான். அலுவலர் பாட்டு சாரை வருத்தத்தோடு பார்த்தார். மறுவாரத்திலிருந்து வகுப்பின் முதல் பத்து நிமிடம், "நாங்கள் இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறோம்" என்று சொல்லப் பழகினார்கள். அதை மட்டும் எல்லோரும் சுருதி சுத்தமாகச் சொன்னார்கள். யாரும் தடுக்கவில்லை.

கண்டக்டரம்மாவின் மகள் அந்தப் பதினான்கில் ஒருத்தியாகவே இருந்தாள். அவள் தப்புதான் மதிப்பெண்ணை ஐந்தரையில் பிடித்து நிறுத்தியது. ஒருநாள் மணி அடித்த பிறகும் நின்றாள்.

"சார், நான் எப்ப சார் நல்லா பாடலாம்?"

"கடைசிப் பருவத்துலம்மா. ஆறாவது வரி உனக்குத்தான்."

"கண்டிப்பாவா சார்?"

"கண்டிப்பா."

கடைசிப் பருவத்தில் அலுவலர் புதிய சுற்றறிக்கை ஒன்றைக் காட்டினார். தனிக்குரல் சமத்துவத்துக்கு எதிரானது. இறுதிப் பதிவில் எல்லோரும் எல்லா வரியையும் சேர்ந்தே பாட வேண்டும். பாட்டு சார் வாயைத் திறந்தார். ஆறாவது வரி ஒரு குரலுக்காக எழுதப்பட்டது என்று சொல்ல நினைத்தார். சரி சார் என்றார். பிள்ளைகளிடம் சொன்னபோது கண்டக்டரம்மாவின் மகளும் சரி சார் என்றாள். அந்த வருடம் பதிவான அவளுடைய தனிக்குரல் ஒன்றே ஒன்றுதான். அது முதல் பருவத்தில் பதிவானது.

இறுதிப் பதிவுக்கு ஒன்பது வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் பாடுபட்டு, பிள்ளைகள் பள்ளி திறந்த வாரத்தில் எங்கே இருந்தார்களோ அங்கே கிட்டத்தட்ட வந்து சேர்ந்துவிட்டார்கள். வளர்ச்சி முந்நூற்றைம்பது சதவீதம். கணக்கு டீச்சர்கூட அவ்வளவு வளரவில்லை. பூஜ்யத்திலிருந்து சதவீதம் போட முடியாது என்று அவருடைய கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இறுதி நேர்காணலில் பாட்டு சாரால் தாங்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிவிட்டார். "சார், நான் அவங்களைத் தப்பா பாடச் சொல்லிக் கொடுத்தேன். முதல்லயே நல்லாத்தான் பாடினாங்க. அந்தப் பொண்ணை நான்தான் கெடுத்தேன்."

அலுவலர் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. பாட்டு சாருக்கு ஒரு கணம் நம்பிக்கை பிறந்தது.

"எத்தனை பேருக்கு சார் இந்தத் தைரியம் வரும்?" என்றார் அலுவலர். "ஆரம்பத்துல ஆசிரியர் தப்பா சொல்லிக் கொடுத்திருக்கார். இப்ப அதை உணர்ந்திருக்கார். இதுதானே சார் வளர்ச்சி!" மதிப்பீட்டுப் படிவத்தின் பதினெட்டாம் பக்கத்தில் 'தன்னாய்வு' என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார். அதுவரை யாரும் அங்கே ஆறைத் தாண்டியதில்லை. அந்த மதிப்பெண்தான் அவரை அந்த வருடத்தின் சிறந்த வளர்ச்சி ஆசிரியராக்கியது.

ஆண்டு விழாவில் அரங்கம் நிறைந்திருந்தது. தலைமையாசிரியை பாட்டு சாரை மேடைக்கு அழைத்தார். ஒரு ஆசிரியர் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார் என்பதை நீங்களே கேளுங்கள் என்றார். பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டிலும் முதல் பருவப் பதிவு கிளம்பியது.

பதிவைப் போடப்போகிறார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இரண்டாம் வரியிலேயே முன் வரிசையில் கிளுகிளுப்பு எழுந்தது. நான்காம் வரியில் அரங்கமே குலுங்கியது. ஆறாவது வரி வந்தது. மெலிந்த குரல் ஒன்று தனியாக ஏறி, சரியான இடத்துக்கு ஒரு மயிரிழை பக்கத்தில் போய் அசையாமல் நின்றது. பெற்றோர்கள் காதைப் பொத்திக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். இத்தனை பேர் சிரிக்கும்போது மேடையில் நிற்பவன் மட்டும் உம்மென்று இருந்தால் நன்றாயிராது என்று பாட்டு சாரும் கொஞ்சம் சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தார். பாடுவதற்காக வரிசையில் காத்திருந்த இருபத்தெட்டுப் பேரில் ஒருத்தி, அவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பிள்ளைகள் நேரில் பாடினார்கள். எல்லோரும் சேர்ந்து, எல்லா வரியையும். கைதட்டல் ஓயவில்லை. சட்டமிட்ட சான்றிதழும், நிரந்தர ஆணை வரும் திங்கட்கிழமை என்ற செய்தியும் கிடைத்தன.

வெளியே தாழ்வாரத்தில் கண்டக்டரம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். டூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார், சீருடையைக்கூட மாற்றவில்லை. மகள் அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"சார், வயிறு வலிக்கச் சிரிச்சேன் சார் இன்னிக்கு. இப்ப என்னமா பாடுதுங்க! ஆமா, அந்த முதல் பாட்டுல தனியா ஒரு பொண்ணு இழுத்துச்சே, அது யாரு சார்? பாவம், அதைப் பெத்தவ எப்படித்தான் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தாளோ."

பாட்டு சார் சான்றிதழைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அது வேற செக்‌ஷன்மா," என்றாள் மகள்.

சட்டென்று, இயல்பாகச் சொன்னாள். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்பது அவருக்குப் புரிந்தது. பதினோரு வயதுப் பிள்ளை தனக்காகப் பொய் சொல்வதைச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி நிற்பது, மேடையில் சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

"இல்லீங்க," என்றார். "அது உங்க பொண்ணுதான். தப்பா பாடத் தெரியாத பொண்ணு. நான்தான் மூணு வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்."

கண்டக்டரம்மாவின் வாயில் சிரிப்பு அப்படியே நின்றுபோய், மெல்ல இறங்கியது. "அப்ப நான் சிரிச்சது..." என்று மகளைப் பார்த்தார்.

"பரவாயில்லம்மா. எல்லாரும்தான் சிரிச்சாங்க. சாரும் சிரிச்சார்."

கண்டக்டரம்மா சான்றிதழைப் பார்த்தார். "இதுக்காகவா சார்?" நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு மட்டும் கேட்கும்படி வந்தது.

"ஆமாங்க."

அந்த நேரம் பார்த்து வளர்ச்சி அலுவலர் அட்டையில் செருகிய தாளோடு வந்தார். கோப்பை முடிக்கப் பெற்றோர் கருத்து ஒன்று வேண்டும், ஒரு வரி போதும், கீழே ஆசிரியர் ஒப்புதல் கையெழுத்து, அவ்வளவுதான், என்றார். பேனாவை நீட்டினார். கண்டக்டரம்மா அதை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, ஓடுகிற பஸ்ஸில் எழுதிப் பழகிய கையால், தாளை உள்ளங்கையில் வைத்தபடி எழுதினார். 'என் மகள் முதலிலேயே நன்றாகத்தான் பாடினாள். அவளைக் கெடுத்து வளர்ந்திருக்கிறார்கள்.'

அலுவலர் இரண்டுமுறை படித்தார். "இதை ஒப்புக்கிட்டு நீங்க கையெழுத்துப் போட்டா முதல் அளவு தப்புன்னு ஆயிடும் சார். ஒன்பதுலேருந்து ஒன்பது. வளர்ச்சி பூஜ்யம். திங்கட்கிழமை ஆர்டர் வராது."

"நாற்காலியும் இருக்காதுல்ல சார்?"

"அது ஹெச்.எம். மேடம்தான் சொல்லணும்."

பாட்டு சார் மனைவியை நினைத்தார். அணைத்த அடுப்பையும், வந்து உட்கார்ந்த அவள் முகத்தையும் நினைத்தார். தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். சுவரின் சொரசொரப்பில் கையெழுத்து அவருடையதுபோலவே இல்லை. நிமிர்ந்தபோது கண்டக்டரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கையெழுத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நின்றிருக்கமாட்டார். மகளும் திரும்பவில்லை.

அலுவலர் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. மனதார, பாட்டு சாரின் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதீங்க சார். நல்லா யோசிச்சா இது நல்லதுதான். நாற்காலி மட்டும் கிடைச்சிட்டா, அடுத்த வருஷம் நீங்க பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கறீங்க. உங்க அளவுக்கு வளர இடம் இந்த ஸ்கூல்ல வேற யாருக்கும் இல்ல."

பாட்டு சார் தலையாட்டினார். நன்றி சார் என்றும் சொன்னார். சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.